'பரவாயில்லை'யை எதில் அளப்பது?

(மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் செவிலியர் மாணவிகளும் கூடிய அரங்கில் ஒரு கணித ஆசிரியை ஆற்றிய சொற்பொழிவு)

செவிலியர் படிப்பில் இருக்கும் பிள்ளைகளே, என்னைப்போல் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் கட்டுப்பட்டுப்போன என் சொந்தக்காரர்களே!

சொந்தக்காரர்கள் என்று சும்மா சொல்லவில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நம் ஆட்களை நான் கண்டுபிடித்துவிடுவேன். இரவு ஒன்பது மணிக்கு ஒரு கைப்பேசி அடிக்கும். பந்திக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பவரிடம் ஒருவர், "நீங்க உட்காருங்க மாப்பிள்ளை, நான் அடுத்த பந்தியில சாப்பிடுறேன்" என்று நழுவுவார். வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும், போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். மாப்பிள்ளைக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். பக்கத்தில் போய், "அண்ணே, டாக்ரோவா?" என்று மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். பத்து நிமிடத்தில் யார் கொடுத்த கிட்னி, எந்த வருஷம், கிரியேட்டினின் எவ்வளவு என்று ஜாதகம் மாற்றிக்கொள்வதுபோல மாற்றிக்கொண்டுவிடுவோம்.

நான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த மாத்திரைதான். ஆனால் மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரையோடு வாழ்கிறவர் படுகிற பாடு என்ன? அதை அளக்க முடியுமா? அளப்பதென்றால் எந்தக் கோலை வைத்து அளப்பது? இதுதான் என் கேள்வி. நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். அளவைப் பற்றிப் பேச எனக்குப் பாதி உரிமை அதில் வந்தது. மீதி உரிமையை என் அம்மா கொடுத்தாள். அது என் வலது அடிவயிற்றில் இருக்கிறது.

2011ஆம் வருஷம் எனக்கு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தவள் அம்மா. இந்த நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தக் கணக்கில் நான் ஒரு விதிவிலக்கு. வாங்கிக்கொண்ட பெண். அதற்கு இன்னொரு நாள் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

நான்கு மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினேன். எட்டாம் வகுப்பு, வடிவியல். கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட வேண்டும். சாக்பீஸை வைத்து இழுக்கிறேன், கோடு நெளிகிறது. அழித்துவிட்டு மறுபடியும் போடுகிறேன், மறுபடியும் நெளிகிறது. மரத்தால் செய்த பெரிய அளவுகோலை எடுத்து வைத்தால் அதைப் பிடித்திருக்கும் இடது கையும் சேர்ந்து ஆடுகிறது. முன் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து, "டீச்சர், நான் பிடிச்சுக்கிறேன்" என்றான். அன்றிலிருந்து அந்த வருஷம் முழுக்க அளவுகோலைப் பிடிப்பது அவன் வேலை ஆனது. வீட்டிலும் சின்னச் சின்ன மாற்றங்கள். மார்கழி வந்தது. "இந்த வருஷம் வாசலை நான் பார்த்துக்கிறேன், நீ பனியில வராதே" என்று அம்மா கோலமாவு டப்பாவை வாங்கிக்கொண்டாள். சரி, தொற்று வந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் அறிக்கையைப் பார்த்தார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் கிரியேட்டினின் 1.1. அவர் முகம் மலர்ந்தது. "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்றார். நான் என்ன சொன்னேன்?

"பரவாயில்லை டாக்டர்."

இந்த அரங்கில் இருக்கும் என் சொந்தக்காரர்களே, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்?

ஏன் சொன்னேன்? வெளியே வரிசையில் நாற்பது பேர். அது ஒரு காரணம். கை நடுங்குவதெல்லாம் ஒரு வியாதியா, உயிர் பிழைத்ததே பெரிது என்ற எண்ணம், அது இன்னொன்று. ஆனால் உண்மையான காரணம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வயிற்றைக் கிழித்து ஒரு கிட்னியை எடுத்துக் கொடுத்தவள் பக்கத்தில் இருக்கும்போது, "இது வந்த பிறகு எனக்குக் கை நடுங்குகிறது" என்று எந்த வாயால் சொல்வது?

கொஞ்சம் பின்னால் போவோம். 1954 டிசம்பர் 23. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். டாக்டர் ஜோசப் முர்ரே தலைமையில் ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து அவர் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார்கள். உலகில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அதுதான். எப்படி வெற்றி பெற்றது? அவர்கள் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஏற்றுக்கொண்டுவிட்டது. நம்மைப்போல் தினசரி மாத்திரை ரிச்சர்டுக்குத் தேவைப்படவில்லை. எட்டு வருஷம் வாழ்ந்தார். ஆனால் எல்லோருக்கும் இரட்டைப் பிறவி இருக்குமா? அம்மாவின் உறுப்பாக இருந்தாலும் மகளின் உடம்பு அதை அந்நியமாகத்தான் பார்க்கும். வீட்டுக்கு வந்த மருமகளை முதல் நாளே சந்தேகமாகப் பார்க்கிற மாமியார் மாதிரி. அந்த மாமியாரைச் சாந்தப்படுத்தி வைப்பதுதான் நம் மாத்திரை. ஒரு நாள் விட்டாலும் மாமியார் விழித்துக்கொள்வாள்.

1960களின் தொடக்கத்தில் அசதியோபிரின் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன், ஒரு பெண். 1988இல் நோபல் பரிசு பெற்றார். அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தது. பிறகு வந்த முக்கியமான சில மருந்துகள் மண்ணிலிருந்து வந்தன. ஆமாம், மண்தான். நார்வே நாட்டில் மரமில்லாத ஒரு பீடபூமியின் ஒரு பிடி மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. ஜப்பானில் சுகுபா என்ற ஊர் மண்ணில் 1984இல் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து நம் டாக்ரோலிமஸ் வந்தது. பசிபிக் கடல் நடுவே கிடக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து சிரோலிமஸ் வந்தது. காலையில் மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம், எந்த ஊர் மண்ணையோ தின்று உயிர் வாழ்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

1983இல் அமெரிக்காவில் சைக்ளோஸ்போரினுக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு கேள்வியே மாறிவிட்டது. அதுவரை கேட்ட கேள்வி: ஆள் பிழைத்தாரா? உறுப்பு வேலை செய்கிறதா? அதன் பிறகு ஆட்கள் பத்து வருஷம், இருபது வருஷம் என்று வாழ ஆரம்பித்துவிட்டார்கள். வாழ ஆரம்பித்தால் சும்மா இருப்பார்களா? முகம் வீங்கியது, முடி கொட்டியது, ஈறு தடித்தது, தூக்கம் போனது, சர்க்கரை வந்தது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதுதான் மருத்துவ உலகம் மெதுவாகக் கேட்டது: எப்படி வாழ்கிறீர்கள்?

மருத்துவமனை நம்மிடம் எதையெல்லாம் அளக்கிறது என்று பாருங்கள். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், சர்க்கரை, கிரியேட்டினின். அப்புறம் 'லெவல்'. லெவல் பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்போமே, அதுதான். முந்தின இரவு போட்ட மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். எந்த அளவில்? ஒரு மில்லி லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று. ஒரு கிராமை 100 கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு, ஒரு நானோகிராம். கணக்கு டீச்சர் என்ற முறையில் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நூறு கோடியில் ஒரு பங்கை அளக்கத் தெரிந்துவிட்டது மனிதனுக்கு.

மருந்து எனக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை நூறு கோடியில் ஒரு பங்கு வரைக்கும் அளந்துவிட்டோம். அந்த மருந்தோடு நான் எப்படி இருக்கிறேன் என்பதை மட்டும் "எப்படி இருக்கீங்க?", "பரவாயில்லை" என்ற மூன்று சொல்லில் அளக்கிறோம். ஞாயமா?

ஞாயமில்லை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 1993இல் கனடாவில் சிறுநீரக மாற்றுப் பெற்றவர்களுக்கென்றே ஒரு வினாத்தாள் வந்தது. இருபத்தைந்து கேள்விகள். உடல் தொந்தரவு, அசதி, 'என்ன ஆகுமோ' என்ற பயம், தோற்றம், மனநிலை என்று ஐந்து பகுதி. அந்த மூன்றாவது பகுதியைக் கவனியுங்கள். பயத்தையும் ஒரு கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் பரிசோதனை முடிவு வரும் வரை வயிற்றில் ஒரு பூனை பிறாண்டுமே, அதற்கும் மதிப்பெண் உண்டு.

அப்புறம் பெல்ஜியத்தின் லூவனிலும் சுவிட்சர்லாந்தின் பாசலிலும் சபினா டி கீஸ்ட் முதலான ஆய்வாளர்கள் இந்த வேலையில் இறங்கினார்கள். பிள்ளைகளே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் ஒரு செவிலியர். நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளால் என்னென்ன தொந்தரவு வரலாம் என்ற பட்டியல் ஒன்றை எடுத்து அவர்கள் விரிவாக்கினார்கள். முதலில் கொஞ்சமாக இருந்தது, திருத்தித் திருத்தி 59 ஆனது. பட்டியல் போடுவது பெரிய காரியமில்லை. அதில் இருந்த ஒரு கெட்டிக்காரத்தனம் என்னைக் கவர்ந்தது. ஒவ்வொரு தொந்தரவுக்கும் எதிரே இரண்டு கட்டம். இது உங்களுக்கு எவ்வளவு அடிக்கடி வருகிறது? 0 முதல் 4 வரை. இது உங்களை எவ்வளவு வருத்துகிறது? அதற்கும் 0 முதல் 4 வரை.

எதற்கு இரண்டு கட்டம்? ஒன்று போதாதா?

போதாது. கை நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்கக் கை நடுங்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார், சிரிப்பார், அவ்வளவுதான். அடிக்கடி என்ற கட்டத்தில் 4, வருத்தம் என்ற கட்டத்தில் 0. இன்னொரு அம்மா, மல்லிகைப்பூ கட்டுகிறவர். அவருக்கு நடுக்கம் எப்போதாவதுதான் வரும். வந்த நாளில் நாரில் முடிச்சு விழாது. முடிச்சு விழாவிட்டால் அன்றைக்குக் கூலி விழாது. அவருக்கு முதல் கட்டத்தில் 1, இரண்டாம் கட்டத்தில் 4. ஒரே கட்டம் வைத்திருந்தால் டாக்டர் யாரைப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பார்? அந்தப் பெரியவரைப் பார்த்து! முகத்தில் முடி வளர்வது ஒரு ஆணுக்கு ஒன்றுமில்லை, பெண் பார்க்க வருகிற வயதில் இருக்கும் ஒருத்திக்கு? ஸ்டீராய்டு போட்டு முகம் நிலா மாதிரி ஆவது, தேசம் விட்டுத் தேசம் போய் ஆய்வு செய்தாலும் பெண்களைத்தான் அதிகம் வருத்துகிறது. ஆண்கள் பலர் வாய் திறக்காமல் தவிக்கிற கேள்வியும் அந்த 59இல் உண்டு. தாம்பத்தியம் பற்றியது. பக்கத்தில் மாமனாரை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் என்ன பதில் வரும்? மூன்று எழுத்தில் வரும்: "இல்லை."

இப்போது நம் ஊர் சங்கதிக்கு வருகிறேன். பூக்காரம்மாவிடம் முழம் கணக்கில் பூ வாங்குகிறோம். முழம் என்பது யார் முழம்? அவர் முழம். குட்டையான கையாக இருந்தால் பூ குறையும், அதனால்தான் "உங்க கையால அளக்காதீங்க, என் கையால அளங்க" என்று சண்டை போடுகிறோம். நோயாளியின் பாட்டை அளக்கும் வினாத்தாளும் ஒரு முழம்தான். வெள்ளைக்காரர் கையில் அளந்த முழம். அதை அப்படியே கொண்டுவந்து நம் ஆட்களை அளந்தால் என்ன ஆகும்?

உடல்நலத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு பழைய வினாத்தாள் இருக்கிறது, 36 கேள்விகள் கொண்டது. அதில் ஒரு கேள்வி: மேசையை நகர்த்துவது, தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளுவது, கோல்ஃப் விளையாடுவது போன்ற வேலைகளைச் செய்யச் சிரமமாக இருக்கிறதா? உசிலம்பட்டியில் போய் ஒரு ஆத்தாவிடம் கோல்ஃப் ஆட முடிகிறதா என்று கேட்டால் என்ன சொல்வாள்? "அந்தக் கழுதையை எதுக்கு ஆட்டணும்?" என்பாள். அதற்குப் பதில் இடுப்பில் குடம் சுமக்க முடிகிறதா, கிரைண்டரிலிருந்து மாவை வழித்தெடுக்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் சரியான பதில் வரும்.

சொல் இன்னும் பெரிய பள்ளம். ஒரு வினாத்தாளின் தமிழ் வரைவைப் படித்துப் பார்த்துச் சொல்லும்படி ஒருமுறை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் 'எரிச்சல் உண்டா?' என்று ஒரு கேள்வி. எழுதியவர் மனதில் இருந்தது சிடுசிடுப்பு. ஸ்டீராய்டு போட்டால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வருமே, அது. நான் பக்கத்திலிருந்த நான்கு பேரிடம் காட்டினேன். ஒருவர் வயிற்றெரிச்சல் என்றார். ஒருவருக்குச் சர்க்கரை உண்டு, உள்ளங்கால் எரிச்சல் என்றார். இன்னொருவர், "நீர்க்கடுப்பைக் கேக்குறாங்களா?" என்றார். நான்காமவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யார் மேல?" என்றார். அவர் ஒருவருக்குத்தான் கேள்வி சரியாகப் புரிந்தது! நான்கு பேரும் 3 என்று குறித்திருந்தால் கணிப்பொறி அதைக் கூட்டி வகுத்து, நோயாளிகளுக்குக் கோபம் அதிகம் என்று அறிக்கை கொடுத்திருக்கும்.

அதனால்தான் முறையாகச் செய்கிறவர்கள் ஒரு வினாத்தாளை மொழிமாற்றியதும் ஓய்வதில்லை. ஒருவர் தமிழில் எழுதுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவார். இரண்டையும் ஒட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் மேலே ஒரு படி உண்டு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்பது. என் கருத்தில் இந்தக் கடைசிப் படிதான் உயிர். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு வரும் வினாத்தாளை நான் தேர்வுத்தாளாகக்கூட ஏற்க மாட்டேன்.

நம்மிடம் அளவுகோலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். என் பாட்டியிடம் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ரூபாய்க்கு எட்டணா குறைஞ்சிருக்கு" என்பாள். பதினாறு அணாவுக்கு எட்டணா. 0 முதல் 4 வரை உள்ள கோலைவிட நுணுக்கமான கோல் அது! அணா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆனால் வலியை அளக்க இன்னும் கிராமத்தில் அது செல்லுபடியாகிறது. 'எப்போதாவது', 'சில சமயம்', 'அடிக்கடி' என்ற மூன்றுக்கும் நடுவே தடுமாறுகிற ஒரு தாத்தாவிடம், "ரூபாய்க்கு எத்தனை அணா தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே. டக்கென்று சொல்வார்.

இவ்வளவு அளந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நடுக்கம், அசதி, வயிற்றுப்போக்கு, இதெல்லாம் உயிருக்கு ஆபத்தா என்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு தம்பியின் கதையைச் சொல்வேன்.

லாரி டிரைவர். தூத்துக்குடியில் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகிறவர். மருத்துவமனைக் காத்திருப்பு வராந்தாவில் பழக்கம். டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு, அதோடு மைகோஃபினோலேட். இந்த மூன்றாவதற்கு அவர் வைத்த பெயர் 'ஊதா'. அதன் நிறம் அப்படி. ஊதா போட்டால் அவருக்கு வயிற்றுப்போக்கு. பலருக்கும் உள்ள தொந்தரவுதான். வீட்டில் இருந்தால் சமாளிக்கலாம். உப்பு லோடோடு நாலு வழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது? "அக்கா, எங்கக்கா வண்டியை நிறுத்துவேன்? நிறுத்தினா தண்ணி எங்கே இருக்கு?" என்றார். அதனால் அவர் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். லோடு ஏற்றும் நாளில் ஊதா கிடையாது. வாரத்தில் மூன்று நாள் லோடு.

டாக்டரிடம் சொன்னாரா? சொல்லவில்லை. டாக்டர் கேட்டாரா? "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். "சாப்பிடுறேன் சார்." பொய் இல்லையே? இரண்டு மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். இரத்தத்தில் லெவல் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஏனென்றால் பார்த்தது டாக்ரோலிமஸின் லெவல். ஊதாவின் லெவலை வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை. ஒரு நாள் கிரியேட்டினின் ஏறியது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு உறுப்பை எதிர்க்க ஆரம்பித்திருந்தது. ரிஜெக்‌ஷன்.

யோசித்துப் பாருங்கள். 'வயிற்றுப்போக்கு உண்டா? எவ்வளவு வருத்துகிறது?' என்று ஒரு தாளில் இரண்டு கட்டம் இருந்திருந்தால், அவர் இரண்டாவது கட்டத்தில் 4 போட்டிருப்பார். மருந்தைச் சின்னச் சின்ன அளவாகப் பிரித்துக் கொடுக்கலாமா, அதே மருந்தின் வேறு வடிவம் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டர் பார்த்திருப்பார். வழி இருந்திருக்கும். இருந்த வழியைத் திறக்க ஒரு கேள்வி இல்லாமல் போயிற்று.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 147 ஆய்வுகளைத் திரட்டி 2007இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சிறுநீரகம் பெற்றவர்களில் நூறு பேரை ஒரு வருஷம் கவனித்தால் 36 பேர் இந்த மருந்தைச் சொன்னபடி சாப்பிடுவதில்லை. மற்ற உறுப்பு பெற்றவர்களில் அது 7 முதல் 15 வரைதான். ஏன் நம்மிடம் மட்டும் இவ்வளவு? டயாலிசிஸ் என்ற ஒரு திண்ணை நமக்கு இருக்கிறது, விழுந்தால் அதில் உட்காரலாம் என்ற நினைப்போ என்னவோ. இது என் ஊகம். இருதயம் வாங்கியவருக்கு அந்தத் திண்ணை இல்லை.

இதை அளப்பதற்கும் பாசலில் ஒரு வினாத்தாள் செய்தார்கள். போன நான்கு வாரத்தில் ஒரு வேளை விட்டதுண்டா? தொடர்ந்து சில வேளை விட்டதுண்டா? நேரம் இரண்டு மணிக்கு மேல் தள்ளிப்போனதுண்டா? டாக்டர் சொல்லாமல் அளவைக் குறைத்ததுண்டா? எளிய நான்கு கேள்விகள். இன்னொரு பக்கம், மூடியில் சில்லு பொருத்திய மருந்துப் புட்டி இருக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பதிவாகும். கேள்வி கேட்டால் பொய் சொல்வார்கள், மூடி பொய் சொல்லாது என்று அதற்கு ஒரு பெருமை. நான் அவ்வளவு பெருமைப்பட மாட்டேன். மூடி திறந்ததைத்தான் சொல்லும். ஏன் திறக்கவில்லை என்று சொல்லாது. அந்த டிரைவர் தம்பியின் புட்டியில் சில்லு இருந்திருந்தால், வாரத்தில் மூன்று நாள் திறக்கவில்லை என்று காட்டியிருக்கும். டாக்டர் அவரைத் திட்டியிருப்பார். அவர் அடுத்த வாரத்திலிருந்து மூடியை மட்டும் திறந்து மூடியிருப்பார்!

அப்புறம் காசு. இதை எந்த வெளிநாட்டு அறிகுறிப் பட்டியலும் சரியாகக் கேட்பதில்லை என்பது என் குறை. அமெரிக்காவிலேயே என்ன நடந்தது தெரியுமா? அறுவை சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு பணம் கொடுக்கும். அதன் பிறகு மருந்துக்கு 36 மாதம் கொடுக்கும். 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அத்தோடு நின்றுவிடும். மருந்து வாங்க முடியாமல் உறுப்பு போய் மறுபடியும் டயாலிசிஸுக்கு வந்தால் அதற்குப் பணம் உண்டு. மருந்துக்குக் கிடையாது! இந்தக் கணக்கு தப்பு என்று புரிந்து சட்டம் திருத்த 2020 டிசம்பர் ஆனது, நடைமுறைக்கு வர 2023 ஜனவரி ஆனது. நம் பக்கத்தில் கதை வேறு. அரசு மருத்துவமனைக்குப் போகிறவர் மாதா மாதம் மருந்து வாங்க வரும் பஸ் கட்டணம், அன்றைய கூலி, கூட வருபவரின் கூலி. தனியாரிடம் போகிறவருக்கு மருந்துக்கடைச் சீட்டு. 'போன மாதம் மருந்துக்காக எதையாவது அடகு வைத்தீர்களா?' என்று ஒரே ஒரு கேள்வியை நம் வினாத்தாளில் சேருங்கள். மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் அதில் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

நம் மாநிலம் உறுப்புக் கொடையில் பெயர் வாங்கிய மாநிலம். 2008இல் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர், மகனின் உறுப்புகளைக் கொடுக்க எடுத்த முடிவு எத்தனை பேரை அசைத்தது என்று நமக்குத் தெரியும். உறுப்பு கொடுத்துவிட்டுப் போகிறவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். கண் கலங்க வரவேற்க வேண்டிய செய்தி. எத்தனை கொடை, எத்தனை அறுவை சிகிச்சை என்று வருஷா வருஷம் எண்ணுகிறோம். எண்ண வேண்டியதுதான். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் ஐந்தாம் வருஷம், பத்தாம் வருஷம் எப்படி இருக்கிறார் என்பதை எங்கே எண்ணுகிறோம்?

ஆஸ்திரேலியாவில் சிட்னியை மையமாக வைத்துச் சில ஆய்வாளர்கள் பல நாட்டு நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். சிறுநீரக மாற்று பற்றி இனி யார் எந்த ஆய்வு செய்தாலும் எதை எதைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆறு விஷயம் தேறியது. உறுப்பின் நலம், இருதய நோய், புற்றுநோய், தொற்று, இறப்பு. இந்த ஐந்தும் டாக்டர்களே சொல்லியிருப்பார்கள். ஆறாவது, வாழ்க்கையில் பங்கெடுத்தல். வேலைக்குப் போக முடிகிறதா, பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போக முடிகிறதா, கோயில் திருவிழாவில் நாலு பேரோடு நிற்க முடிகிறதா? நம் பேச்சில் சொன்னால், நல்லது கெட்டதுக்குப் போய்வர முடிகிறதா? இறப்புக்குச் சமமான நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கிறது.

செவிலியர் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு எச்சரிக்கை, கணக்கு டீச்சராக. 4 என்பது 2இன் இரு மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். வருத்தத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு. அந்தத் தாளை எழுதப் படிக்கத் தெரிந்தவர் மட்டும் நிரப்பினால், கிளினிக்குக்கு வந்தவர் மட்டும் நிரப்பினால், வர முடியாமல் போனவரின் கதை உங்கள் கூட்டலில் இருக்காது. எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கூட வந்தவரைக் கொஞ்சம் டீ குடிக்க அனுப்பிவிட்டு வாசியுங்கள். ரொம்ப முக்கியம், நிரப்பிய தாளை டாக்டர் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். அலமாரியில் பூட்டி வைப்பதற்கு என்றால் கேட்காமலே இருந்துவிடலாம். ஒருமுறை கேட்டு ஒன்றும் நடக்காவிட்டால், அடுத்த முறை எல்லாக் கட்டத்திலும் 0 போட்டுக் கொடுப்போம். அதுவும் ஒருவகைப் 'பரவாயில்லை'தான்.

என் சொந்தக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். ஊதா மாத்திரை கருவுக்கு ஆகாது, மாற்றுவதற்கு அவர்களுக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். பம்பளிமாஸ் பழத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள், லெவலை ஏற்றிவிடும்.

என் நடுக்கத்தின் கதையைப் பாதியில் விட்டேன். மூன்றாவது வருஷம் ஒரு செவிலியர் மாணவி, இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களைப் போன்ற பெண், ஒரு தாளோடு வந்தாள். பயிற்சிக்காகக் கேட்கிறேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அன்றைக்கு அம்மா பக்கத்தில் இல்லை, மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள். 'கை நடுக்கம்' என்ற வரிக்கு வந்தேன். அடிக்கடி, 3. வருத்தம், 4. பேனாவைக் கீழே வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தாளை டாக்டரிடம் கொண்டு ஓடினாள். அவர் பழைய லெவல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார். மேல் எல்லையை ஒட்டியே இருந்திருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்தார், ஒவ்வொரு முறையும் இரத்தம் பார்த்து. ஆறு மாதத்தில் நடுக்கம் ரூபாய்க்குப் பத்தணா குறைந்தது.

அந்தத் தாளின் பிரதி ஒன்று என் பையில் இருந்தது. அம்மா அதை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். நடுக்கம் என்ற வரியில் விரல் நின்றது.

"தெரியும்டி" என்றாள்.

"எப்படிம்மா?"

"அந்த கார்த்திகை மாசத்துலேயே பார்த்தேன். நீ போட்ட கோலத்துல கோடெல்லாம் நெளிஞ்சு கிடந்துச்சு. அதான் மார்கழிக்கு டப்பாவை வாங்கிக்கிட்டேன்."

"ஏம்மா அப்பவே கேட்கலை?"

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "என் கிட்னி சரியில்லையோன்னு நினைச்சேன்" என்றாள்.

நேரமாகிவிட்டது. ஒன்பதுக்குள் வீடு போய்ச் சேர வேண்டியவர்கள் இங்கே பலர் இருக்கிறோம்.